பத்து வரிக்குள் ஒரு கோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அறிவியல் புனைகவிதை பற்றிய கட்டுரை குறுங்கவிதைகளின் கவர்ச்சியை நன்றாகவே எடுத்துரைத்தது. ஆனால் அவற்றைத் தேர்ந்து பரிசளிக்கும் முறையைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் எழுத்தாளர் சூசெட் ஹேடன் எல்ஜின் 1978இல் தொடங்கிய அறிவியல் புனைகவிதைச் சங்கத்தின் ரைஸ்லிங் விருதில், குறுங்கவிதைப் பிரிவு நெடுங்காலம் 49 வரி வரை இடம் கொடுத்தது. அவ்வளவு நீளமான கவிதைகளுக்கு நடுவே மூன்று வரிக் கவிதை எடுபடுவது கடினம் என்பதால், 10 வரிக்கு மேற்படாதவற்றுக்கென்றே 2006இல் 'ட்வார்ஃப் ஸ்டார்ஸ்' விருது ஏற்படுத்தப்பட்டது. தொகுப்பாசிரியர் தேர்ந்தெடுத்த கவிதைகள் ஒரு தொகுப்பாக வர, சங்க உறுப்பினர்கள் அவற்றைப் படித்து வாக்களிக்கிறார்கள். ஏற்பாடு நியாயமானதுதான். ஆயினும் இத்தனை சிறிய கவிதைகளை ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போகிறவருக்கு, கடைசி வரியில் திடுக்கிட வைத்தது மட்டுமே மனத்தில் தங்கும் அபாயம் இருக்கிறது.

விளக்கத்துக்காக நானே கட்டிய இரண்டைத் தருகிறேன் (கவிதை என்று உரிமை கொண்டாடவில்லை).

முதலிரவு.
விளக்கை அணைக்குமுன்
முகத்தைக் கழற்றி வைத்தாள்.

செவ்வாயில் பிறந்த சிறுமி
பூமிப் படத்தில் மழை கண்டு
ஓட்டை எங்கே என்கிறாள்.

முதலாவது உடனே கைதட்டல் வாங்கும். அவள் மனுஷி அல்லள் என்று தெரிந்தபின் மறுபடி படிக்க அதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், மேலிருந்து நீர் சொட்டினால் குழாயிலோ கூரையிலோ பழுது என்று மட்டுமே அறிந்த ஒரு குழந்தையின் மூடிய வாழ்க்கை, கவிதை முடிந்த பிறகுதான் மெல்லத் திறக்கிறது. உலகத்தை விவரிக்க இடமில்லாத இவ்வடிவம், வாசகர் ஏற்கெனவே படித்த கதைகளை நம்பியே இயங்குகிறது. அதனால் 'செவ்வாய்', 'விண்கலம்' போன்ற சொற்களைத் தூவிவிட்டாலே வேலை முடிந்ததென்று நினைக்கும் சோம்பலுக்கும் அதுவே வழிவிடுகிறது. டாம் பிரிங்க் என்பவர் 1995இல் அறிவியல் ஹைக்கூவுக்கென 'சைஃபைக்கூ' என்ற பெயரில் கொள்கை அறிக்கையை எழுதிய பிறகு குவிந்தவற்றில் இத்தகையவை கொஞ்சமல்ல.

ஆகவே நடுவராக இருப்பவர், வியப்பு தீர்ந்தபின், சில நாள் விட்டு இரண்டாம் முறை படித்து மதிப்பிடுவதே முறை என்பது என் கருத்து. தங்கள் இதழ் இத்தகைய கவிதைகளை மொழிபெயர்த்து வெளியிட எண்ணினால், ஒரே பக்கத்தில் பத்தை அடைக்காமல், பக்கத்துக்கு ஒன்றாக அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.