ரூபாயில் வசூல், யென்னில் கடன்: நிதித் துறைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நிதித் துறைச் செயலர் அவர்களுக்கும், குடிநீர் வழங்கல், எரிசக்தித் துறைகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கும், அவற்றை ஓட்டத் தேவைப்படும் மின்சாரத்துக்கும் வாங்கப்படும் வெளிநாட்டுக் கடன் பற்றி எழுதுகிறேன். கடலுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்னை கடல்நீரைக் குடித்தால் வீராணம் ஏரி வழியாகப் போகும் காவிரித் தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம். அதனால் ஆலை வேண்டாம் என்று கொங்கு நாட்டில் யாரும் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டுப் பணம் என்றாலே முகம் சுளிக்கிற ஊரும் இல்லை இது. குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா செய்த உதவியோடு எழுந்தது. அதைச் சேர்ந்த பில்லூர் அணைத் தண்ணீரைத்தான் கோவை இன்றைக்கும் குடிக்கிறது.

எனக்கு இருப்பது ஒரே கேள்வி. கடன் வாங்கிய நாணயத்தின் மதிப்பு ஏறினால் அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது? இதை முன்கூட்டியே மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதுதான் இந்த மடல்.

பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இங்கே டாலரில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் ஆர்டரைக் காட்டி வங்கியில் வாங்கும் கடன்) வாங்காத ஏற்றுமதியாளர் அரிது. ரூபாய்க் கடனைவிட வட்டி குறைவு. டாலர் ஏறினாலும் பயமில்லை, ஏனென்றால் பில் பணமும் டாலரில்தான் வரும். கடனும் வரவும் ஒரே நாணயத்தில் இருக்கிறவரை தூக்கம் கெடாது. இது திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவருக்கும் தெரிந்த பாடம்.

தெரிந்தும் 2007-08இல் ஊர் அடிபட்டது. அப்போது வங்கிகள் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை, அதாவது நாணய விலை ஏற்ற இறக்கத்தின்மேல் போடும் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து விற்றன. நான் கணக்குப் பார்த்த ஒரு கம்பெனியின் முதலாளி அப்படி ஒரு ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார். அவர் துணி அனுப்பியது அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும். ஒப்பந்தமோ டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலையின்மேல். சுவிட்சர்லாந்துக்கு அவர் ஒரு பனியன்கூட விற்றதில்லை. கிடைக்கப் போகிற லாபம் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. விலை ஒரு எல்லையைத் தொட்டால் அவர் கட்ட வேண்டியது பின்பக்கத்தில், பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில். பிராங்க் அந்த எல்லையைத் தொட்டது. அதே போலக் கையைச் சுட்டுக்கொண்ட பலர் நீதிமன்றம் வரை போனார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, நாளுக்கு 15 கோடி லிட்டர் தரும் ஆலைக்கு ஜெர்மனி அரசின் கேஎஃப்டபிள்யூ வங்கி கடன் கொடுத்தது. அதன் பக்கத்தில் பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 4,276 கோடி ரூபாய் திட்டம், கடன் கொடுப்பது ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா, யென்னில். வட்டி குறைவு, தவணைக் காலம் நீளம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சென்னைக்காரர் குடிநீர் வரியை ரூபாயில்தான் கட்டுகிறார்.

2005க்கு முன்னால் இந்த மாதிரிக் கடனை மத்திய அரசு வாங்கி, மாநிலத்துக்கு ரூபாயாகக் கொடுத்தது. நாணயம் ஏறினாலும் இறங்கினாலும் அது டெல்லியின் பாடு. பன்னிரண்டாவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, வெளிநாட்டுக்காரர் கொடுக்கும் அதே நிபந்தனையில் கடன் அப்படியே மாநிலத்துக்குக் கைமாற்றப்படுகிறது. நாணய ஆபத்தும் கூடவே வந்துவிட்டது. இந்த மாற்றம் உங்கள் துறைக்கு அத்துப்படி. வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

யென் எப்படி ஆடும் என்பதற்கு ஒரு கணக்கு. 2007 நடுவில் 100 யென்னுக்கு ஏறக்குறைய 34 ரூபாய். 2012 தொடக்கத்தில் அது 66 ரூபாய்ப் பக்கம் போய்விட்டது. 100 கோடி யென் கடன் வைத்திருந்தவருக்கு, ஒரு பைசா புதிதாக வாங்காமலே, 34 கோடி ரூபாய்க் கடன் 66 கோடியாகத் தெரிந்தது. அப்புறம் இறங்கியதும் உண்மை: 2024 நடுவில் 53 ரூபாய் அளவுக்கு வந்தது. வட்டியில் மிச்சம் பிடித்ததை ஐந்தே வருடத்தில் நாணயம் விழுங்கிவிடும், சில சமயம் திருப்பியும் கொடுக்கும். இருபது முப்பது வருடக் கடனில் இதை அதிர்ஷ்டத்தின் கையில் விட முடியாது.

வளைகுடாவில் மின்சாரமும் குடிநீரும் ஒரே ஆலையில் வருகிறதே, அதற்குப் பன்னாட்டு வங்கிகள் எல்லாம் கடன் கொடுக்கின்றனவே என்று கருத்தரங்குகளில் உதாரணம் காட்டுகிறார்கள். நம்ம பக்கத்து வெல்டர்களும் ஃபிட்டர்களும் அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்தான். டர்பைனிலிருந்து வரும் நீராவியை வைத்தே கடல்நீரைக் காய்ச்சி வடிப்பார்கள். அரசு இருபது, இருபத்தைந்து வருடத்துக்குக் கொள்முதல் ஒப்பந்தம் போட, அந்தத் தாளை நம்பி வங்கிகள் பணம் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டிப்போடப்பட்ட நாணயம். எண்ணெய் விற்ற காசும் டாலர். அவர்கள் டாலரில் கடன் வாங்குவது எங்கள் பேக்கிங் கிரெடிட் மாதிரி. நமக்கு எண்ணெய்க் கிணறும் இல்லை, ரூபாய் டாலரோடு கட்டப்படவும் இல்லை.

நீராவியும் நமக்கு இல்லை. நம் ஆலைகள் சவ்வு வழியாக உப்பை வடிப்பவை. கடல்நீரில் ஒரு கிலோலிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். பேரூர் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட். இது என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். சாயக்கழிவைச் சவ்வில் வடித்து, மிஞ்சியதை ஆவியாக்கி, அடியில் சேரும் கெட்டி உப்பைச் சுரண்டி மூட்டையில் கட்டிக் குவித்து வைத்திருக்கும் ஊர் இது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மாதக் கணக்கைப் புரட்டினால் கண்ணை உறுத்துவது மின்சாரமும் பாய்லர் விறகும்தான். ஆலைக் கடனோடு மின்கட்டணத்தையும் சேர்த்துக் காட்டாத விலை, பாதி விலை.

இன்னொன்று. காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திருப்பூர்க் குடிநீர்த் திட்டம், சுமார் ஆயிரம் கோடி ரூபாயில், நாட்டிலேயே தனியார் பங்கோடு வந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அதில் ஊருக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது கணக்கு. சப்பைத் தண்ணியோடு, அதாவது உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டிய பட்டறைகளுக்கும் அது நிம்மதி. 2011 ஜனவரி 28 அன்று நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீர் வாங்க ஆள் குறைந்தது. கடன் தவணை குறையவில்லை. அது பெரும்பாலும் ரூபாய்க் கணக்கு என்பதால் அந்த மட்டோடு போயிற்று. யென்னாக இருந்திருந்தால்? அதே வருடம் யென்னும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தண்ணீருக்கோ மின்சாரத்துக்கோ வெளிநாட்டுக் கடன் கையெழுத்தாகும் முன், ஒரே ஒரு பக்கம் தமிழில் சட்டமன்ற மேசைக்கு வரட்டும். எந்த நாணயம், மதிப்பு ஏறினால் யார் கட்டுவது, அதற்கு ஃபார்வர்ட் (பின்னால் வாங்கும் நாணயத்துக்கு இன்றே விலை பேசி வைப்பது) மாதிரிக் காப்பு போட்டிருக்கிறதா அல்லது தனி நிதி ஒதுக்கியிருக்கிறதா, தண்ணீர் எடுக்காத மாதத்துக்கும் பணம் உண்டா, யூனிட் மின்சாரம் என்ன விலைக்குக் கணக்கிடப்பட்டது. நாணயம் இருபது சதவீதம் ஏறினால் ஒரு கிலோலிட்டர் என்ன விலைக்கு வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஆர்டரை எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம், அதற்கு ஒரு மாலை போதும்.

நெம்மேலிக்கும் பேரூருக்கும் கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டது. அவற்றின் பக்கத்தையும் வருகிற பட்ஜெட் ஆவணங்களோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரில் கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவர்