சலாமிஸில் சாட்டை ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த சலாமிஸ் கடற்போர் கட்டுரையை என் பேத்தி சத்தமாகப் படித்துக் காட்டினாள். கி.மு. 480, பாரசீக மன்னன் செர்க்சஸ், அவனை எதிர்த்த கிரேக்க நகரமான ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் எல்லாம் சரி. படம்தான் உறுத்துகிறது. கிரேக்கக் கப்பலில் தண்டு வலிப்பவர்களுக்குக் காலில் சங்கிலி, முதுகில் சாட்டை, ஓரமாக ஒருவன் முரசு அடிக்கிறான். சினிமாக் கப்பல்!

வைகையே வறண்டு கிடக்கிற ஊர்க்காரன் கப்பலைப் பற்றிப் பேசுவதா என்று சிரிக்க வேண்டாம். பதினைந்து வருடம் கடற்படையில், அதுவும் இஞ்சின் அறையில் கழித்தவன் நான். மேல்தளத்து ஆள் பெயர் பேப்பரில் வரும். கீழே எண்ணெய்ப் பிசுக்கில் நிற்பவனை யார் கேட்டார்கள்?

ஏதென்ஸ் போர்க்கப்பலில் சுமார் 200 பேர். அதில் 170 பேர் மூன்று அடுக்காக உட்கார்ந்து வலிப்பவர்கள், ஆளுக்கு ஒரு துடுப்பு. அடி அடுக்கில் 54 பேர். எதிரி எந்தப் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலோர் நிலபுலம் இல்லாத ஏழைக் குடிமக்கள். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியன் சுரங்கத்து வெள்ளியைக் குடிமக்களுக்கு ஆளுக்கு 10 திராக்மா (அவர்கள் ஊர் நாணயம்) என்று பங்கு போட இருந்தார்கள். அதில் கப்பல் கட்டலாம் என்று தெமிஸ்டோக்ளிஸ் சம்மதிக்க வைத்தார். தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கட்டிய கப்பலில் தாங்களே ஏறினார்கள். அப்புறம் கி.மு. 406இல் ஆள் பற்றாமல் அடிமைகளை ஏற்றியது உண்மைதான். அவர்களுக்கும் விடுதலை கொடுத்தார்கள்.

தாளத்துக்கு வாசித்தது குழல். வெண்கல முகப்பால் எதிரியை முட்டினால் போதாது, உடனே பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். 170 கைகளும் ஒரே மூச்சில் திரும்ப வேண்டும். தைத் தெப்பத்தன்று மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் வடம் இழுப்பவர்களைப் பாருங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் இழுக்கிறார்கள், யார் கையில் சாட்டை இருக்கிறது?

பேத்தி அந்தச் சங்கிலியை ரப்பரால் அழிக்கப் பார்த்தாள், தாள்தான் கிழிந்தது. அடுத்த வாரம் படத்தைத் திருத்திப் போடுங்கள். வலிப்பவர் ஒவ்வொருவர் அடியிலும் ஒரு சின்ன மெத்தை வரையச் சொல்லுங்கள். துடுப்போடு அதையும் அவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.