மீட்டரப் பாக்குறத விட்டுட்டு ரசீத கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம். சிங்கப்பூர்ல பழைய கார் வாங்கப் போறேன்னு சொன்னா நம்மாளுங்க கேக்குறது ரெண்டே கேள்விதான், சிஓஇ (கார் வச்சுக்குறதுக்கான உரிமைச் சான்றிதழ்) இன்னும் எத்தன வருஷம், மீட்டர் எவ்ளோ ஓடியிருக்கு. நானும் ரெண்டு வருஷம் முன்னாடி அதத்தான் கேட்டேன். 1500 சிசி சின்ன கார், அஞ்சு வருஷத்துக்கு சிஓஇ புதுப்பிச்சதுல மூணரை வருஷம் பாக்கி, மீட்டர்ல 187,000. வித்தவர் நல்லா பாலிஷ் போட்டு வச்சிருந்தாரு, ரசீது எங்கன்னு கேக்க எனக்குத் தோணல.

மூணாவது மாசம் துவாஸ்ல ஷிப்ட் முடிச்சு ஈஷூன் வர்ற வழியில பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஜாம்ல டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது. ஏசிய நிறுத்தி, ஹீட்டர ஃபுல்லா வச்சு, ஓரங்கட்டுறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிருச்சு. சின் மிங்ல ஒர்க்‌ஷாப் அங்கிள் எஞ்சின் நல்லா ஆறுற வரைக்கும் ரேடியேட்டர் மூடிய தொடவே விடல, அப்புறம் தொறந்து காட்டுனாரு, உள்ள எஞ்சின ஆத்துற கூலன்ட்டே இல்ல, தே ஓ (பால் இல்லாத டீ) நிறத்துல துருத்தண்ணி. யாரோ வருஷக்கணக்கா பைப் தண்ணியவே ஊத்தியிருக்காங்க! ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் புதுசு.

இதுல 187,000 கிலோமீட்டர் மேல என்ன தப்பு? தெனம் எக்ஸ்பிரஸ்வேல ஒரே வேகத்துல ஓடுற காரு, புளோக் கார்பார்க்ல தூங்கி வாரத்துக்கு ஒருதடவ ஈரச்சந்தைக்குப் போற காரைவிட பல சமயம் நல்லாவே இருக்கும். ஹோஸ், எஞ்சின் மவுண்ட்ல இருக்குற ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வயசும் சூடும்தான் தெரியும். சிக்னல்ல டி-ல (டிரைவ் கியர்ல) நிக்கும்போது ஸ்டீரிங் நடுங்கி நியூட்ரல் போட்டதும் அடங்குச்சுன்னா எஞ்சின தாங்கிப் பிடிக்குற அந்த மவுண்ட்ட மொதல்ல சந்தேகப்படுங்க, எனக்கு கப் ஹோல்டர்ல கெடந்த சில்லறை கிலுகிலுங்குறத வச்சுத்தான் தெரிஞ்சுது. கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

நம்ம ரோடு டாக்ஸும் வயசத்தான் பாக்குது. பத்து வருஷம் தாண்டுனா 10% கூடுதல், வருஷாவருஷம் ஏறி 50% வரைக்கும், என் கார் இப்போ 40%ல நிக்குது. அதோட வருஷத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வேற. அதுல புகை, பிரேக்லாம் பாப்பாங்க, ஆனா கூலன்ட் எப்ப மாத்துனீங்க, கியர் ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு கேக்க மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன், வாங்குறவங்க சர்வீஸ் ரசீத கேளுங்க, இல்லன்னா வெல பேசுறதுக்கு முன்னாடி தெரிஞ்ச மெக்கானிக்க ஒரு நட கூட்டிட்டுப் போங்க.

இப்ப 214,000 ஓடிருச்சு. ஒவ்வொரு ரசீதுலயும் மீட்டர் நம்பர பேனாவால எழுதி பிளாஸ்டிக் பைல போட்டு வச்சிருக்கேன். அஞ்சு வருஷ சிஓஇய மறுபடி புதுப்பிக்க முடியாது, இன்னும் ஒன்றரை வருஷத்துல ஸ்கிராப்தான். "ஸ்கிராப் யார்டுல ரசீது கேப்பாங்களா?"ன்னு எங்க வீட்டுக்காரம்மா சிரிக்கிறாங்க.

ஈஷூன் வாசகர்