அலை இல்லாத நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகக்கூடிய இடங்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் டென்மார்க்கின் மேற்குக் கரையோரம் இருக்கிற ஃபானோ தீவின் மணற்கரையும் இருந்ததைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். டென்மார்க்கில் இத்தனை வருடமாக இருந்தும், விடுமுறை வந்தால் லண்டன், பாரிஸ், கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று ஓடுகிற நம் சனம், எஸ்பியர்க் துறைமுக நகரிலிருந்து கப்பலில் 12 நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு தீவை எட்டிப் பார்ப்பதே குறைவு. ஆனால் அந்தப் பக்கத்தில் ‘ஆழமே இல்லாத கடல், சின்னப் பிள்ளைகளை எந்தப் பயமும் இல்லாமல் விடலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். தீவின் மேற்குப் பக்கம் ஏறக்குறைய 15 கிலோமீற்றருக்கு ஒரே மணல்தான், பாறை இல்லை, நெரிசல் இல்லை, ஜூலை மாதத்தில்கூட ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையில் தாராளமாக இடம் இருக்கும். கப்பலில் நின்று பார்த்தால் எஸ்பியர்க் கரையில் நான்கு வெள்ளை மனிதச் சிலைகள் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றும் 9 மீற்றர் உயரம், ஸ்வென் வீக் ஹான்சன் என்ற கலைஞர் செய்து 1995இல் வைத்தவை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டி முடிப்பதற்குள் தீவின் நோர்ட்பி துறை வந்துவிடும். காரைக் கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துறையிலிருந்து மேற்குப் பக்கத்து ஃபானோ பாட் கரைக்கு ஏறக்குறைய 3 கிலோமீற்றர்தான், சைக்கிளிலேயே போகலாம், பஸ்ஸும் உண்டு.

கடல் வற்றியிருக்கும் நேரம்தான் சின்னதுகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீர் தூரத்துக்குப் போய்விடும், ஆனால் மணலில் அங்கங்கே குட்டை குட்டையாகத் தங்கி நிற்கும், வெயில் பட்டு அது வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே சின்ன நண்டும் இறாலும் ஓடும். ஈர மணலில் இடியப்பம் பிழிந்து வைத்தது போலச் சுருள் சுருளாக மணல் கிடப்பதைப் பார்ப்பீர்கள். கீழே இருக்கிற மணற்புழு மண்ணைத் தின்று, அதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மேலே தள்ளுவதுதான் அது. சுருளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழி இருக்கும், அந்தப் பக்கம்தான் புழுவின் வாய். பிள்ளையோடு குந்தியிருந்து பொறுமையாகப் பார்த்தால், சில வேளை ஒரு புதுச் சுருள் நம் கண் முன்னாலேயே மேலே வரும். ஃபானோவைச் சுற்றியிருக்கிற வாடன் கடலுக்கு வந்து போகிற பறவைகளுக்கு இந்தப் புழுவும் சிப்பியும்தான் சாப்பாடு. வருடத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அந்தக் கடலைக் கடந்து போகின்றன. 2014இல் டென்மார்க் பகுதியையும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். இதெல்லாம் உங்கள் பக்கத்தில் வரவில்லை என்பது சின்ன ஆதங்கம்தான், அதை விடுங்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். ஃபானோவில் கடல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு நாளில் இரண்டு தரம் வற்றும், இரண்டு தரம் பெருகும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் மாறுகிறது. செங்குத்தான கரையில் ஒன்றரை மீற்றர் பெரிய விஷயம் இல்லை. இவ்வளவு தட்டையான கரையில் அதே ஒன்றரை மீற்றர் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்தை மூடிவிடும். அதுவும் நேரே முன்னால் இருந்து மட்டும் வராது. மணல் திட்டுக்கும் கரைக்கும் இடையில் பள்ளமான வாய்க்கால்கள் உண்டு, பெருகத் தொடங்கும்போது முதலில் நிறைவது அவைதான். திட்டில் நின்று கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு முன்னால் தண்ணீர் இன்னும் தூரத்தில் இருக்கும், முதுகுக்குப் பின்னால் வாய்க்கால் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும். வரும்போது கணுக்கால் நனைத்துக் கடந்த அதே இடம் திரும்பும்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கு நெஞ்சளவு. தீவின் வடமேற்கு மூலையில் சோரன் யெசன்ஸ் சாண்ட் என்று பரந்து கிடக்கிற மணற்பரப்பில் நடக்கப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாக எடுக்க வேண்டும், அங்கே தூரமும் தெரியாது, நேரமும் தெரியாது. டென்மார்க் வானிலை நிலையம் ஒவ்வொரு நாளுக்கும் வற்று, பெருக்கு நேரத்தை இணையத்தில் போடுகிறது, எஸ்பியர்க் என்று தேடினால் போதும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திப் போகும், அதனால் நேற்றுப் பார்த்ததை வைத்து இன்றைக்குக் கணக்குப் போட முடியாது.

அடுத்தது காற்று. நம்மவர்கள் அலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மேற்கிலிருந்து காற்று அடித்து அலை எழும்பினால் ஒருவரும் பிள்ளையைத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள், அது நல்லது. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாளில் கரையோரத்தில் அலையே இருக்காது. கடல் அவ்வளவு அமைதி, எல்லோரும் சந்தோஷமாக இறங்குவார்கள். அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

போன கோடையில் ஃபானோவின் ரின்பி கரைப் பக்கம் என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தமிழ்க் குடும்பம், ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை, காற்றடைத்த பெரிய ரோசா நிறப் பறவை மிதவையில் உட்கார்ந்திருந்தாள். தகப்பன் பத்தடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மிதவை மெதுவாக நகர்ந்தது, அவர் இரண்டு எட்டு வைத்தார், அது நாலு எட்டுத் தூரம் போனது. அவர் வேகமாக நடந்தார், தண்ணீர் இடுப்புக்கு வந்தது, இடுப்பளவு தண்ணீரில் யாராலும் ஓட முடியாது, அந்தப் பறவைக்கோ காற்றுப் பிடிக்க உடம்பு முழுக்க இடம். அவர் நீந்தத் தெரியாதவர் என்பது அவர் கைகளை வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கரையில் நின்ற தாய் கத்தத் தொடங்கிவிட்டார். காவல் கோபுரத்திலிருந்த இளம் உயிர்காப்பாளர் ஓடிவந்தபடியே பிள்ளையைப் பார்த்து டேனிஷ் மொழியில் ‘குதி, குதி, நிற்கலாம்’ என்று கத்தினார். பிள்ளை குதித்தாள், தண்ணீர் கழுத்துக்குச் சற்றுக் கீழே நின்றது, உயிர்காப்பாளர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். மிதவை போய்விட்டது, யாரும் அதன் பின்னால் போகவில்லை. தகப்பன் போகப் பார்த்தார், உயிர்காப்பாளர் தோளைப் பிடித்து நிறுத்தினார். மிதவை போனால் போகட்டும், அதைப் பிடிக்க ஒருபோதும் போகாதீர்கள் என்று அமைதியாகச் சொன்னார். இன்னும் சில நிமிடம் பிந்தியிருந்தால் பிள்ளை குதித்தாலும் கால் நிலத்தில் பட்டிருக்காது. ஆழமே இல்லாத கடல் என்று நீங்கள் எழுதியது அந்தக் கடல்தான்.

காற்றடைத்த எதையும் அந்தக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பது என் வேண்டுகோள். வாளியும் மண்வெட்டியும் போதும், ஒரு பட்டமும் கொண்டுபோங்கள். அந்தக் கரை பட்டத்துக்குப் பேர்போனது, ஜூன் மாதத்தில் பல நாடுகளிலிருந்தும் பட்டம் விடுகிறவர்கள் வந்து வானத்தையே நிறைத்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், ஃபானோ கரையில் கார் ஓடலாம். தண்ணீருக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கலாம் என்பது வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்குப் பெரிய வசதி, அம்மாவை, மாமியைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால் அதற்கு அர்த்தம் பிள்ளைகள் விளையாடுகிற மணலே தெருவும்தான் என்பது. பந்து உருண்டால் பிள்ளை பின்னால் ஓடும். ரின்பிக்குத் தெற்கே காற்றில் இழுபடும் வண்டிகளும் ஓடும், அவை சத்தமே இல்லாமல் வரும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் கார்ப் பந்தயமே நடந்தது. 1924இல் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் மல்கம் காம்பெல் ஓட்டிய காரின் டயர் கழன்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் இறந்துபோனான், அதோடு பந்தயம் நின்றது. இப்போது அந்த வேகம் இல்லை, ஆனாலும் காரைத் தண்ணீர்ப் பக்கம் நிறுத்தாமல், இரண்டு காருக்கு இடையில் பிள்ளைகளை இருத்தாமல், மணல்மேட்டுப் பக்கம் இடம் பிடித்தால் நல்லது. ஈர மணலில் கார் புதைந்து, கடல் பெருகி வருவதைப் பார்த்தபடி இழுவை வண்டிக்குக் காத்திருப்பது விடுமுறை இல்லை. செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நீளமான கத்திச் சிப்பிகள் உடைந்து கிடக்கும், பாதத்தைக் கிழித்துவிடும்.

உதவி இல்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். கோடை விடுமுறை வாரங்களில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் இடங்களில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி பறக்கும், அங்கே இறங்குங்கள். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. கரைக்கு இறங்கும் பாதைகளில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் போட்ட பச்சைப் பலகை இருக்கும். அதைக் கடந்து போகும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். 112க்கு அழைத்து அந்த இலக்கத்தைச் சொன்னால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும், டேனிஷ் சரளமாக வராத அம்மம்மா கூட அதைச் சொல்ல முடியும். மணல்மேடு எல்லாம் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் ‘பெரிய புல்லுப் பக்கம்’ என்று சொல்லி யாருக்கும் விளங்கவைக்க முடியாது.

எனக்கு இதில் உண்மையான கவலை வேறு. நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகுகிறார்கள், பெற்றோரான நாங்கள் பலர் பழகவில்லை. பிள்ளை தண்ணீருக்குள், நாங்கள் கரையில் சாப்பாட்டுப் பெட்டியோடும் போனோடும். பெண்கள் பலர் காரை விட்டே இறங்குவதில்லை, என்ன உடுப்பது என்ற கூச்சம். முழுக்கை மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கும் டேனிஷ் பெண்களும் இருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இறங்குங்கள். பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில், கடல் பக்கமாக, அவர்களுக்கும் ஆழத்துக்கும் நடுவில் நில்லுங்கள். முடிந்தால் குளிர்காலத்தில் உங்கள் ஊர் நீச்சல் மண்டபத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள், நாற்பதிலும் ஐம்பதிலும் பழகுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, டென்மார்க்கில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிற ஐந்து விதிகள் உண்டு: நீந்தக் கற்றுக்கொள், தனியாகத் தண்ணீரில் இறங்காதே, காற்றையும் தண்ணீரையும் கவனி, கரையை அறிந்துகொள், பிள்ளைகளைக் கண்பார்வையிலிருந்து விடாதே. பிள்ளைகளுக்குத் தெரிந்த இதை அவர்களின் அப்பா அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் தமிழில் சொல்ல உங்களைப் போன்ற பத்திரிகையால்தான் முடியும். ஜூன் தொடக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி இந்த ஐந்தையும், கொடி நிறங்களையும், பச்சைப் பலகை விஷயத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டக்கூடிய மாதிரிப் போட்டால் இன்னும் நல்லது. ஓகஸ்ட் நடுப்பகுதி வரை வாரம் ஒருமுறை எஸ்பியர்க்கின் வற்று, பெருக்கு நேரங்களையும் சேர்த்தால், மேற்குக் கரைக்குப் போகிற எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஹேர்னிங், டென்மார்க்