பதினோராம் வகுப்பு இயக்கவியலைக் கைவிட்டுவிடாதீர்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மேல்நிலை இயற்பியல் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

2017-18ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பட்ட பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டிருக்கிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அத்தேர்வைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்பதற்காக இம்மடலை எழுதவில்லை. ஆனால் இயக்கவியல், இயக்க விதிகள், வேலை, ஆற்றல், திறன், திண்மப் பொருள்களின் சுழற்சி, ஈர்ப்பியல் ஆகிய அத்தனையும் பதினோராம் வகுப்பில்தான் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூல் நிலைமின்னியலில் தொடங்குகிறது. இரு மின்துகள்களுக்கு இடையிலான விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்று அங்கே படிக்கும்போது, முந்தைய ஆண்டு நியூட்டனின் ஈர்ப்பு விதியை உள்வாங்கிய மாணவருக்கு அது ஏற்கெனவே நடந்து பழகிய பாதை. உள்வாங்காதவருக்கோ மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சூத்திரம்.

2017க்கு முன் பல பள்ளிகளில் என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பதினோராம் வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்பு நூலைக் கையில் கொடுத்து, இரண்டாண்டுகளும் அதையே திருப்பித் திருப்பிப் படிக்கவைத்தார்கள். மதிப்பெண் வந்தது, கல்லூரியின் முதலாண்டில் சாய்தளத்தில் இருக்கும் ஒரு கட்டையின் மீது செயல்படும் விசைகளைக் குறிக்கச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடும் பிள்ளைகளும் வந்தார்கள். பொதுத்தேர்வு போன இடத்தில் வேறெதுவும் வைக்கப்படாவிட்டால் அந்தப் பழக்கம் மெல்லத் திரும்பிவிடும் என்று அஞ்சுகிறேன்.

அதே வேளையில், பொதுத்தேர்வு இருந்த ஆண்டுகளிலும் நாம் சரியானதைச் சோதித்தோம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. புவியின் ஈர்ப்பிலிருந்து தப்பிச் செல்லத் தேவையான விடுபடு வேகத்துக்கான கோவையைப் பெறச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு குறியீடும் தவறாமல் விடை எழுதி, நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று முடித்துவிடுவார்கள். 2025இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மிதந்த காட்சியைக் காட்டி, அவர் ஏன் மிதக்கிறார் என்று கேட்டால், அதே பிள்ளைகளில் பெரும்பாலோர் சொல்லும் விடை, அங்கே ஈர்ப்பு விசை இல்லை என்பதுதான். அந்நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. புவியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்பதால், அங்கே புவியீர்ப்பு முடுக்கம் 8.7 மீ/வி² அளவுக்கு இருக்கும். தரையில் உள்ளதில் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடவில்லை. நிலையம் ஒரு நொடியில் 7.67 கிலோமீட்டர் முன்னே செல்கிறது. அதே நொடியில் புவியை நோக்கி 4.3 மீட்டர் விழுகிறது. 7.67 கிலோமீட்டர் சென்ற பின் அதன் வட்டப்பாதை தொடுகோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும் என்று வடிவியலைக் கொண்டு கணக்கிட்டால், அதுவும் 4.3 மீட்டர்தான். நிலையமும் அதனுள் இருப்பவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். அதனால்தான் தரை அவரைத் தாங்குவதில்லை, அவர் மிதக்கிறார். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக வருவதைத் தன் கையால் கணக்கிட்டுப் பார்த்த மாணவர் செயற்கைக்கோள் என்றால் என்ன என்பதைப் பிறகு மறப்பதில்லை. இதைக் கேட்கும் வினா நம் வினாத்தாள்களில் வருவதில்லை. வராததால் வகுப்பிலும் அதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

செய்முறையின் நிலை இன்னும் வருத்தமளிக்கிறது. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனைக்கு ஒரு தாங்கி, நூல், குண்டு, நிறுத்துக்கடிகாரம், மீட்டர் அளவுகோல் ஆகியவை போதும்; எந்த அரசுப் பள்ளி ஆய்வகத்திலும் இவை இருக்கும். ஆயினும் ரெக்கார்டு நோட்டுகளில் முடிவு எப்போதும் 9.8 என்றே இருக்கிறது, ஏனெனில் 9.8 வரும்படி இருபது அலைவுகளுக்கான நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்பும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. உண்மையாக அளந்த ஒரு மாணவிக்கு 9.67 வந்தது. அவர் நூலின் நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரைதான் அளந்திருந்தார். குண்டின் ஆரமான 1.1 சென்டிமீட்டர் கணக்கில் சேரவில்லை. நீளத்தில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் விடுபட்டால், முடுக்கத்திலும் அதே விழுக்காடு குறையும். அலைவு நேரத்தின் இருமடிக்கு எதிராக நீளத்தை வரைபடமாக வரைந்தால் இந்தப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டும்: கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் சற்றுக் கீழே நீள அச்சை வெட்டும், சாய்வு மட்டும் கெடாமல் இருக்கும். ஒரு மீட்டர் ஊசலின் இருபது அலைவுகளுக்கு ஏறக்குறைய 40 நொடிகள் ஆகும். கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 நொடி தாமதித்தால் விடையில் 0.1 மாறிவிடும். ஆகவே 9.7க்கும் 9.9க்கும் இடைப்பட்ட எந்த விடையும் இக்கருவிக்கு நேர்மையான விடையே. வகுப்பில் எல்லாருக்கும் 9.8 வந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு வரலாறும் இருக்கிறது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். புவி நடுவில் பருத்திருக்கிறது என்ற நியூட்டனின் வாதத்துக்கு அந்த அளவீடு துணைநின்றது. அதே கேள்வியோடு 1821இல் சென்னை நுங்கம்பாக்கத்து வான்நோக்கு நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை அலையவிட்டு, ஒரு பக்க அலைவுக்குச் சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் சென்னையில் 39.03 அங்குலம் அளவில் இருக்கும் என்று கண்டார். அதை இன்று மீட்டருக்கு மாற்றிக் கணக்கிட்டால் 9.78 மீ/வி² வருகிறது. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 என்ற மதிப்புகளோடு இது அழகாகப் பொருந்துகிறது. துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலான 0.052 வேறுபாட்டில் 0.034 புவியின் சுழற்சியால் வருவது. மீதி, புவி நடுவில் பருத்திருப்பதால் வருவது. அந்த வான்நோக்கு நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறிப்போடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் ஈர்ப்பியலை நடத்தி முடிப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

தென்மாவட்டப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது, இஸ்ரோவின் ஏவுதளம் வரும் குலசேகரன்பட்டினத்தில் இருக்கிறது. துருவச் சுற்றுப்பாதைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ஏவூர்தி நேர்தெற்கே சென்றால் இலங்கைக்கு மேலே பறக்க வேண்டிவரும்; எனவே முதலில் தென்கிழக்காகச் சென்று பின்னர் திரும்புகிறது. வேகம் மாறாவிட்டாலும் திசை மாறினால் திசைவேகம் மாறிவிட்டது என்றே பொருள். அதற்கு விசை வேண்டும், விசைக்கு எரிபொருள் வேண்டும். சிறிய ஏவூர்திக்கு அந்த எரிபொருளின் எடை பெருஞ்சுமை. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கிக் கடல் திறந்திருப்பதால் அந்தத் திருப்பம் தேவைப்படாது. ஏவுதளத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள், அது ஏன் அங்கே வருகிறது என்பதை இயக்கவியல் பாடத்தின் வழியாகவே விளங்கிக்கொள்ள முடியும். கிடைத்தற்கரிய இந்த எடுத்துக்காட்டைப் பாடநூலின் ஓரத்துப் பெட்டிச் செய்தியாக ஒதுக்கிவிடாமல், விசை வரைபடத்தோடு தீர்க்க வேண்டிய கணக்காகவே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கணிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இயற்பியல் நூல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வகையீட்டையும் தொகையீட்டையும் கையாளத் தொடங்குகிறது. கணித நூலில் அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. தாவரவியலும் விலங்கியலும் எடுத்துப் படிக்கும் தூய அறிவியல் பிரிவினருக்கோ கணிதப் பாடமே கிடையாது. அவர்களும் அதே இயற்பியல் நூலைத்தான் படிக்கிறார்கள். இயக்கவியலை வெறுத்துவிடும் பிள்ளைகளில் பலர் உண்மையில் வெறுப்பது, தங்களுக்கு யாரும் சொல்லித்தராத அந்தக் குறியீடுகளை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது பாடச்சுமையைக் கூட்டுவதன்று, சிலவற்றை இறக்கிவைப்பது. வட்டத்தட்டு, கோளம் போன்றவற்றின் நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவை)த் தொகையீட்டின் வழியே தருவிக்கும் வினாக்களைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டு, முடிவுகளை மட்டும் பயன்படுத்தச் சொல்லலாம். அதில் மிச்சமாகும் நேரத்தில், வரைபடத்தின் வழியாக வகையீட்டை விளக்கும் சில பாடவேளைகளை இயற்பியல் நூலின் தொடக்கத்திலேயே வைக்கலாம். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வுகளின் கட்டாய வினாக்களில் ஒன்றாவது, நூலில் இல்லாத ஒரு சூழலையோ ஓர் அளவீட்டு அட்டவணையையோ கொடுத்து, காரணத்தை முழு வாக்கியங்களில் எழுதச் சொல்வதாக இருக்க வேண்டும். செய்முறை மதிப்பீட்டில் முடிவின் மதிப்பைவிட, மூல அளவீடுகளுக்கும், வரைபடத்துக்கும், பிழை எங்கிருந்து வந்தது என்று மாணவர் எழுதும் விளக்கத்துக்கும் கூடுதல் மதிப்பெண் என்று எழுத்துப்பூர்வமாக நெறிமுறை தாருங்கள். எழுத்தில் இல்லாத எதையும் வகுப்பறையில் நடைமுறைப்படுத்துவது எங்களால் இயலாது. தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாளாவது எங்கள் கையில் வேண்டும்.

பதினோராம் வகுப்புப் பாடம் உண்மையிலேயே நடத்தப்பட்டதா என்பதை உறுதிசெய்ய, ஆண்டு இறுதியில் ஆய்வகப் பதிவேட்டையும் மாணவர்களின் மூல அளவீட்டுத் தாள்களையும் மாவட்ட அளவில் பார்வையிடும் ஏற்பாடே போதுமானது. அதற்கென்று புதிதாக ஒரு தேர்வு வேண்டாம். இம்மாதிரியான வினாக்களையும் மதிப்பீட்டுக் குறிப்புகளையும் எழுதித் தர எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த கல்வியாண்டின் காலாண்டுத் தேர்வுக்கு முன் மாதிரி வினாத்தாள் ஒன்று எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துசேர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் முதுகலை ஆசிரியர் ஒருவர்