பழைய கார் வழியில் நின்றால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறிவிட்டால் பட்டறைக்கு வரும் அழைப்புகள் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. "அண்ணாச்சி, வண்டி நின்றுவிட்டது, ஸ்டார்ட் ஆகவில்லை." எங்கே நிற்கிறது என்பதை ஊர், மைல்கல் சகிதம் சொல்கிறவர்கள், எப்படி நின்றது என்பதைச் சொல்வதில்லை. எங்களுக்கு வேண்டியது அதுதான். இருபது வருடம் ஓடிய வண்டியில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக் குறையைத் தேடினால், செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். அப்படி வேலை செய்ய எங்களுக்கு விருப்பமில்லை.

சாவியைத் திருகும்போது இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? முதலில் இதைக் கவனியுங்கள். சுற்றாமல் 'டக் டக்' என்று மட்டும் கேட்டால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை திருகிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி விழுந்தால் பேட்டரி, அல்லது அதில் வயர் சேரும் டெர்மினல். வெளிச்சம் அசையாமல் நின்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார், அல்லது அதற்குப் போகும் வயர். உவரி, திருச்செந்தூர் என்று கடலோரப் பக்கத்து வண்டிகளில் டெர்மினல் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். கழற்றி, வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து இறுக்கினாலே பாதிப் பேருக்குப் புதுப் பேட்டரி தேவைப்படாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பெய்த மழையில் மூழ்கிய வண்டி என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்திலும், வயர் சாக்கெட்டுகளுக்குள்ளும் துரு மெதுவாகத்தான் ஏறும். அன்று ஓடிய வண்டி இன்று மேட்டில் குலுங்கியதும் அணைந்து போவதற்கு அது போதும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800, அம்பாசிடர், பத்மினி வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வழிச்சாலையில் வேகமாக வந்து நாங்குநேரி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிறது. காற்றோட்டம் நின்றதும் இன்ஜின் சூடு மேலே ஏறுகிறது. பம்ப்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஆவியை இழுத்துத் தள்ளப் பம்ப்பால் முடியாது. அரை மணி நேரம் ஆறினால் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சிக்கல் என்னவென்றால், தீப்பொறிக்கான இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ பழுதானாலும் இதே கூத்துதான்: சூட்டில் நிற்கும், ஆறினால் ஓடும். இது தெரியாமல் பம்ப்பை மாற்றிவிட்டு, மறு வாரமே அதே இடத்தில் நின்றவர்கள் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சாவியை அணைத்து, ஏர் பில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் ஒரு முறை இழுங்கள். உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இருக்கிறது. தீப்பொறிப் பக்கம் தேடலாம். வறண்டு கிடந்தால் பம்ப், குழாய், பில்டர். அப்போது பம்ப்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருங்கள். நம் ஓட்டுநர்கள் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம், வேலை செய்யும். பக்கத்தில் பீடி கூடாது என்பதை வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் வண்டி என்றால் கார்புரேட்டரே கிடையாது. சாவியை ஆன் நிலையில் வைத்துக் காதைப் பின் சீட்டுப் பக்கம் கொடுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓரிரு நொடி முனகி அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்ப்போம். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு இந்தப் பம்ப் சீக்கிரம் போகும். அதைக் குளிர வைப்பதே டேங்க்கில் உள்ள பெட்ரோல்தான். பம்ப் முனகியும் சூட்டில் மட்டும் நிற்கிற வண்டி என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கண்டறியும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

நிற்பதற்கு முன் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்ததா? எரிந்திருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. வண்டி பேட்டரியில் இருந்ததைத் தின்று தீர்த்துவிட்டு நின்றிருக்கிறது.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் நாளடைவில் ஊறிக் கெட்டுப்போகும். டேங்க்கின் அடியில் படிந்திருந்த அழுக்கு கிளம்பிப் பில்டரை அடைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே கல்யாணம், கோயில் கொடை என்று மட்டும் வெளியே எடுக்கிற வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். வயலோரத்தில் வீடு உள்ளவர்கள் பிசான நெல் அறுவடை முடிந்ததும் பானெட்டைத் திறந்து பாருங்கள். எலிக்கு வயரின் மேல் அப்படி என்ன ருசியோ!

பற்றாத வண்டியில் செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். ஒரு முறைக்குப் பத்து நொடி, பிறகு அரை நிமிடமாவது ஓய்வு. பெட்ரோல் நெடி வந்தால் முதலில் கீழே குனிந்து பாருங்கள். எங்காவது ஒழுகினால் சாவியைத் தொடவே வேண்டாம். ஒழுக்கு இல்லாமல் நெடி மட்டும் என்றால் பெட்ரோல் கூடிப்போயிருக்கும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி, விட்டு விட்டு மிதிக்காமல், ஒரு முறை திருகுங்கள்.

கயிறு கட்டி இழுத்து வருவதானால் சாவியை ஆன் நிலையில் வையுங்கள். எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாக இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும். பழகிய கை இல்லையென்றால் எங்களை அழையுங்கள், வண்டி நிற்கும் இடத்துக்கு ஆள் அனுப்புகிறோம். ஞாயிறு மதியத்துக்கு மேல் மட்டும் பட்டறை அடைப்பு.

இப்படிக்கு,
பட்டறையினர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி