பழகுநருக்குத் தொழிலுக்குள் ஓர் இடம் கொடுங்கள்

தொழிற்பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் வகுத்துத் தரும் திட்டங்களில் செய்முறைக்குக் குறைவே இல்லை. மணிக்கணக்கும் மதிப்பெண்ணும் தாராளமாகவே ஒதுக்குகிறீர்கள். என் மனத்தாங்கல் அந்தச் செய்முறை நடக்கும் இடத்தைப் பற்றியது. பயிற்சிக்கென்று தனிக் கூடம், தனி இயந்திரம். கடைந்த உருளைக்கு மதிப்பெண் போட்டதும் அது மூலைப் பெட்டிக்குப் போய்விடுகிறது. அந்தக் கூடத்தில் அந்தத் தொழிலைச் செய்து பிழைப்பவர் ஒருவரும் இல்லை. செய்த பொருளுக்காகக் காத்திருப்பவரும் இல்லை. அப்படிப் பழகியவர் வேலைக்கு வரும்போது கை ஓரளவு தேறியிருக்கிறது. ஆனால் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது எதுவும் பிடிபடாமல் நிற்கிறார். பழகுநரை முதல் நாளிலிருந்தே வேலை செய்பவர்களின் நடுவில் வையுங்கள், சிறியதாக இருந்தாலும் மெய்யான வேலையைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் வேலையிலிருந்தே சொல்கிறேன். எஃகைக் கடையும்போது சீவல் நீலம் பாய்ந்து வந்தால் சூடு ஏறுகிறது, வேகத்தைக் குறை என்று பழகுநருக்குச் சொல்லித்தருகிறோம். ஹைஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகில் செய்த வெட்டும் டூலுக்கு அது சரி. அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு டூலைப் பொருத்திவிட்டால் அதே நீலச் சீவல் பெரும்பாலும் வேலை ஒழுங்காக நடப்பதற்கு அடையாளம். இதையும் ஒரு வரியாகப் புத்தகத்தில் சேர்த்துவிடலாம்தான். ஆனால் சத்தம் இருக்கிறதே! ஒரே சீராக வந்துகொண்டிருந்த சத்தம் லேசாகக் கரகரக்கும்போது, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் மூத்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “டூல் ரொம்ப வெளியே நீட்டியிருக்கு, உள்ளே தள்ளிப் பிடி” என்பார். கரகரப்பு கேட்ட அந்த நொடியிலேயே காரணமும் காதில் விழுகிறது. அடுத்த முறை பழகுநரின் காதே அதைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் மூத்தவர் இல்லாத கூடத்தில் அந்தச் சத்தம் வெறும் இரைச்சல்.

இது கைத்தொழிலுக்கு மட்டும் உள்ள சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு சஃபையர் படிகத்தைத் தட்டினால் அதன் அதிர்வு எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். மேற்கு நாட்டு ஆய்வகங்கள் சுமார் 20 ஆண்டுகள் அந்த அளவை எட்ட முடியாமல் திணறின. கட்டுரைகள் எல்லோர் கையிலும் இருந்தன. இரு தரப்பினரும் ஒரே மேசையில் நின்று வேலை பார்த்த பிறகே, 1999இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அது கைகூடியது. உடனிருந்து கவனித்த சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் ஒரு நுணுக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். படிகத்தைத் தொங்கவிடும் மெல்லிய நூலில் துளி எண்ணெய்ப் பசை வேண்டும். ரஷ்யர் அந்த நூலை மூக்குத் தண்டிலோ காதின் பின்புறமோ இழுத்துத் தேய்த்துக்கொள்வார். கட்டுரையில் ஏறாத இந்த மாதிரி விஷயங்கள் பக்கத்தில் நின்றவருக்குத்தான் கிடைத்தன.

பழகுநருக்கு மெய்யான வேலை கொடுத்தால் பொருள் வீணாகுமே, ஆபத்தாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் வாய், கோலா என்ற இனங்களைச் சேர்ந்த தையற்காரர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார்கள். மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தவர். அங்கே பழகுநர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. முடிந்த ஆடைக்குப் பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, இஸ்திரி போடுவது என்று கடைசி வேலையிலிருந்து தொடங்குகிறார். அப்புறம் துண்டுகளை இணைத்துத் தைக்கிறார். வெட்டும் வேலை கடைசியாகத்தான் கைக்கு வருகிறது. தையல் பிசகினால் பிரித்துவிடலாம், வெட்டு பிசகினால் துணி போயிற்று. பொத்தான் தைக்கும்போதே முழு ஆடையும் கையில் இருப்பதால், எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தப் பொத்தானோடுதான் ஆடை வாங்குபவரிடம் போகிறது. நம் பாடத்திட்டங்களோ பெரும்பாலும் நேர்மாறாக, வேலை தொடங்கும் முனையிலிருந்து அலகு அலகாக நகர்கின்றன. எது முதலில் என்பதைப் பிழையின் விலை தீர்மானிக்கட்டும்.

உயிரோடு விளையாடும் மருத்துவத்திலேயே இது சாத்தியமாகியிருக்கிறது. 1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்தார். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது, பரிசோதிப்பது எல்லாம் மேற்பார்வையோடு அவர்கள் செய்த வேலைகள். மருத்துவமனையின் அன்றாட வேலையில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

ஆனால் பணியிடத்துக்கு அனுப்பிவிட்டாலே போதும் என்று இருந்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் இறைச்சி வெட்டும் தொழில் பழகுநர்களைப் பற்றி 1970களில் வெளிவந்த ஓர் ஆய்வு, நம்மில் பலரும் கண்ட காட்சியைத்தான் சொல்கிறது. பழகுநரைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்திவிடுவார்கள். வேகமாகக் கட்டுகிறார் என்பதால் அங்கேயே விட்டுவிடுவார்கள். மூத்தவர்கள் வெட்டுவதோ வேறு அறையில். பழகுநர் கண்ணுக்கு அந்த வேலை தென்படுவதே இல்லை. தொழிற்பள்ளியில் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், கடைக்கோ தீட்டிய கத்திகள் வெளியிலிருந்து வந்து இறங்கின. ஒரு பக்கம் தேவைப்படாத திறமை, மறுபக்கம் தேவையானதைப் பார்க்கவே வழியில்லாத சுவர். எடுபிடி வேலை இழிவானதல்ல. எதற்காக எடுத்துக்கொடுக்கிறோம் என்பது கண்ணெதிரே நடந்தால் அதுவும் படிப்புதான். மறைவில் வைத்து வாங்கும் வேலை சுரண்டல். இதைத் தயங்காமல் அந்தப் பெயரிட்டே அழைக்க வேண்டும்.

பேச்சுக்கும் இடம் கொடுங்கள். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை ஜூலியன் ஆர் என்ற ஆய்வாளர் கூடவே சென்று கவனித்தார். கையேட்டில் விடை கிடைக்காத பழுதுகளை, முன்பு வேறோர் இயந்திரம் எப்படிப் படுத்தியது என்ற கதைகளைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் கண்டுபிடித்தார்கள். வேலை நேரத்துக் கதை என்று நாம் அதட்டி நிறுத்துவதில் பாதி இதுதான். பழகுநர் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நாள் அவரும் ஒரு கதை சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மூத்தவரின் நேரம் வேண்டும். உற்பத்திக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பழகுநரையும் அவர் தலையில் கட்டினால் அவர் முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கற்றுத்தரும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டு ஊதியம் கொடுங்கள், அந்த நேரத்துக்கு இலக்கைக் குறையுங்கள். திட்டத்தில் இந்த வரி இல்லாவிட்டால் மேலே நான் எழுதியது எதுவும் நடக்காது.

அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது, பழகுநரின் செய்முறைப் பதிவேட்டில் இரண்டு பத்திகளைச் சேருங்கள். செய்த பொருள் யாருக்குப் போனது என்று ஒன்று. செய்யும்போது பக்கத்தில் இருந்தவர் யார் என்று இன்னொன்று. ஒரு பருவம் முழுக்க அவை காலியாகவே கிடந்தால், அந்தப் பயிற்சி நிலையத்தை அழைத்து விளக்கம் கேளுங்கள். பழகுநரிடம் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
பட்டறைப் பயிற்றுநர் ஒருவர்